இரண்டாம் செமஸ்டரில் சேர நினைக்கிறீர்களா? நாள்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

ஜெர்மனியில் இடக் கட்டுப்பாடு உள்ள, அதாவது இத்தனை பேரைத்தான் எடுப்போம் என்று வரம்பு வைத்த படிப்புகள் பலவற்றில், ஆண்டின் இரண்டாவது சேர்க்கையான கோடை செமஸ்டருக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜனவரி 15. அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்க ஒரு நிமிஷம் போதும். அதற்கு முந்தைய மூன்று வாரங்களை ஒருமுறை பாருங்கள். கிறிஸ்துமஸுக்கு முதல் நாளோடு அலுவலகங்கள் பலவும் அடைத்துவிடும், புத்தாண்டு கழிந்துதான் திறக்கும். பரிந்துரைக் கடிதம் தருவதாகச் சொன்ன பேராசிரியர் விடுமுறையில் போயிருப்பார். மொழிபெயர்ப்பாளர் "ஜனவரி முதல் வாரம் முடித்துத் தருகிறேன்" என்பார். மூன்று வாரம் கையில் இருக்கிறது என்று நாம் நினைத்திருப்போம். உண்மையில் வேலை நடக்கக்கூடிய நாள்கள் ஏறக்குறைய பத்துதான்.

இரண்டாம் செமஸ்டர் சேர்க்கையை நழுவவிடுகிறவர்களில் பலருக்குத் தகுதியில் குறை இருப்பதில்லை. அறிவிப்பில் போட்டிருக்கும் கடைசித் தேதியை மட்டும் பார்த்து நாள் எண்ணுவதுதான் அவர்களை மாட்டிவிடுகிறது. எண்ணத் தொடங்க வேண்டிய இடம் வகுப்பு தொடங்கும் நாள். அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். அப்படி வரும்போது நம் கையில் இல்லாத, இன்னொருவர் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் காகிதங்களை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். இதைப் பலருக்கும் சொல்லிச் சொல்லி, கடைசியில் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'இரண்டாம் செமஸ்டர்' எந்த மாதம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கல்வி ஆண்டு பிப்ரவரி, மார்ச் வாக்கில் தொடங்குகிறது. ஆகவே அங்கே இரண்டாம் செமஸ்டர் என்றால் ஜூலை. ஜெர்மனியில் முக்கிய சேர்க்கை அக்டோபர் 1-இல் தொடங்கும் குளிர்கால செமஸ்டருக்கு, மற்றது ஏப்ரல் 1-இல் தொடங்கும் கோடை செமஸ்டருக்கு. செய்முறைப் படிப்புக்கு முக்கியத்துவம் தரும் பயன்முறைப் பல்கலைக்கழகங்களில் இதுவே ஒரு மாதம் முன்னால், செப்டம்பரும் மார்ச்சும். அமெரிக்காவில் இலையுதிர் காலச் சேர்க்கைக்கு அடுத்து வருவது ஜனவரி. அதை அவர்கள் 'ஸ்பிரிங்' என்கிறார்கள், கனடாவில் அதே ஜனவரி 'வின்டர்' ஆகிவிடுகிறது. தென் கொரியாவில் முதல் செமஸ்டர் மார்ச்சில், இரண்டாவது செப்டம்பரில். ஆக, ஒரு நாட்டின் இரண்டாம் செமஸ்டர் இன்னொரு நாட்டின் முதல் செமஸ்டரை ஒட்டி வருகிறது. இரண்டு மூன்று நாடுகளுக்குச் சேர்த்து விண்ணப்பிக்கிறவர்கள் பெயரை விட்டுவிட்டு மாதத்தையும் ஆண்டையும் மட்டும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு, அது விண்ணப்பத்தையே வீணாக்கிவிடும். இரண்டாம் செமஸ்டரில் சேர்வது என்பதற்கு இரண்டு அர்த்தம். ஒன்று, ஆண்டின் இரண்டாவது சேர்க்கையில் உள்ளே போய்ப் படிப்பை ஆரம்பத்திலிருந்து தொடங்குவது. மற்றொன்று, வேறு இடத்தில் ஏற்கெனவே ஒரு செமஸ்டர் படித்ததைக் கணக்கில் எடுக்கவைத்து, நேராகப் பாடத்திட்டத்தின் இரண்டாம் செமஸ்டருக்குள் போவது. ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் விண்ணப்பப் போர்ட்டல்களில் இதற்குத் தனிக் கட்டம் இருக்கும்; 'எந்தப் பாடச் செமஸ்டர்' என்று கேட்பார்கள். முதல் வகைக்காரர் அங்கே ஒன்று என்று போட வேண்டும். ஏப்ரலில் சேர்கிறோமே என்று நினைத்து இரண்டு என்று போட்டால், முன்பு படித்த பாடங்களுக்கான ஏற்புச் சான்று எங்கே என்று கேட்பார்கள். அப்படி ஒரு சான்று இருக்காது, விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். இரண்டாம் வகைக்காரருக்கு அந்தச் சான்றுதான் உயிர். பழைய பாடத்திட்டத்தை வரி வரியாகப் படித்துப் பார்த்து, இந்தப் பாடம் அந்தப் பாடத்துக்குச் சமம் என்று துறையில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். விண்ணப்பக் கடைசி நாளுக்கு முன்பே அது முடிந்திருக்க வேண்டும் என்று கேட்கும் இடங்கள் உண்டு.

சரி, முதல் வகையையே எடுத்துக்கொள்வோம். படிப்பை ஆண்டின் நடுவில் தொடங்கலாமா என்பதைப் படிப்பின் அமைப்புதான் தீர்மானிக்கிறது. கணிதம் இரண்டுக்குள் போகக் கணிதம் ஒன்று முடிந்திருக்க வேண்டும். அந்தக் கணிதம் ஒன்று ஆண்டுக்கு ஒருமுறை, முதல் செமஸ்டரில் மட்டுமே நடத்தப்படுகிறது என்று வையுங்கள். நடுவில் சேர்ந்தவர் ஆறு மாதம் அதற்காகக் காத்திருப்பார், அதை நம்பியிருக்கும் மற்றப் பாடங்களும் தள்ளிப்போகும். இப்படித்தான் இரண்டு ஆண்டுப் படிப்பு இரண்டரை ஆண்டு ஆகிறது. பொறியியல், மருத்துவம் போன்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட படிப்புகள் பெரும்பாலும் நடுவில் ஆளெடுக்காததற்கு இதுவே காரணம். பாடங்களை எந்த வரிசையிலும் படிக்கலாம் என்கிற முதுநிலைப் படிப்புகள் தாராளமாக எடுக்கின்றன. ஆகவே விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன்பே, பாட வாரியான கால அட்டவணையைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே எந்த செமஸ்டரில் நடக்கும் என்று போட்டிருப்பார்கள். நடுவில் சேர்கிறவர்களுக்கென்று தனியாக ஒரு படிப்புத் திட்டம் போட்டுவைத்திருக்கும் துறை என்றால் நம்பிப் போகலாம். அப்படி ஒன்று இல்லையென்றால் துறைக்கு ஒரு மெயில் எழுதி, முதல் செமஸ்டரில் எனக்கு எந்தெந்தப் பாடங்கள் கிடைக்கும் என்று நேராகக் கேளுங்கள்.

உதவித்தொகைகளில் நிறைய முக்கிய சேர்க்கையை ஒட்டித்தான் அறிவிக்கப்படுகின்றன, நடுவில் வருகிறவருக்கு வாசல் குறுகல். இன்டர்ன்ஷிப்பைத் தேடத் தொடங்கும்போது கையில் ஒரு செமஸ்டர் மதிப்பெண்தான் இருக்கும். இன்னொரு பக்கம் நல்லதும் உண்டு. மொழித் தேர்வில் அரை மதிப்பெண் குறைந்து போனவர், கடைசிப் பரீட்சை முடிவு தாமதமாக வந்தவர், குடும்பத்தில் ஒரு அவசரத்தால் முதல் வாய்ப்பை விட்டவர் என்று எத்தனையோ பேருக்கு ஒரு முழு ஆண்டை இந்தச் சேர்க்கை மீட்டுக்கொடுக்கிறது. ஒரு செமஸ்டர் பரிமாற்றத்துக்கு வந்திருந்த மாணவர்கள் ஊர் திரும்பும் நேரம் என்பதால், விடுதி அறைகூட அப்போது கொஞ்சம் எளிதாகக் கிடைக்கலாம்.

இனி நாள் கணக்கு. வகுப்பு தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி வரும்போது முதலில் எதிர்ப்படுவது விசா. இங்கேதான் விளம்பரப்படுத்தப்படாத கடைசித் தேதிகள் ஒளிந்திருக்கின்றன. பிரிட்டன் மாணவர் விசாவுக்குப் பணம் காட்ட வேண்டியவர்கள், அந்தத் தொகையைத் தொடர்ந்து 28 நாள் கணக்கில் வைத்திருக்க வேண்டும். அந்த 28 நாள் முடிந்த தேதிக்கும் விசாவுக்கு விண்ணப்பிக்கும் தேதிக்கும் இடையில் 31 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரே ஒரு நாள் தொகை குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. பணம் இன்னும் கணக்குக்கு வரவில்லை, அடுத்த வாரம்தான் வரும் என்ற நிலையில் அட்மிஷன் கடிதம் கையில் இருந்தும் ஒரு மாதம் சும்மா உட்கார வேண்டிவரும். ஜனவரி சேர்க்கை என்றால் அந்த ஒரு மாதம் முழு வாய்ப்பையும் தின்றுவிடும். அமெரிக்காவில் எஃப்-1 என்கிற மாணவர் விசாவை வகுப்பு தொடங்குவதற்கு 365 நாள் முன்பிருந்தே தர முடியும். ஆனால் படிப்பு தொடங்க 30 நாளுக்கு முன்னால் நாட்டுக்குள் போக முடியாது. ஆஸ்திரேலியாவில் இடத்தை ஏற்று, முன்பணம் கட்டி, சேர்க்கை உறுதிச் சான்று வாங்கிய பிறகுதான் விசா. ஜெர்மன் விசாவுக்கு இந்தியா, சீனா, வியட்நாமில் படித்தவர்கள் பெரும்பாலானோருக்கு ஏபிஎஸ் என்கிற சான்றிதழ் சரிபார்ப்பு வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் அதை விண்ணப்பத்தோடே கேட்கின்றன. அப்படிக் கேட்கும் இடத்தில் உங்கள் உண்மையான தொடக்க நாள் ஏபிஎஸ்-க்கு அனுப்பும் நாள்தான்.

விசாவுக்கு முன்னால் அட்மிஷன் கடிதம். அதற்கு முன்னால் பல்கலைக்கழகம் பரிசீலிக்கும் வாரங்கள். ஜெர்மனியில் வெளிநாட்டு விண்ணப்பங்களை யூனி-அசிஸ்ட் என்கிற பொது அமைப்பு வழியாக வாங்கும் பல்கலைக்கழகங்கள் நிறைய. அவர்கள் சரிபார்க்கவே வாரக்கணக்கில் எடுக்கும். கடைசி நாளுக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாலும், ஏதாவது குறை என்று அவர்கள் சொல்லி நாம் திருத்தி அனுப்ப அவகாசம் இருக்காது. சில பல்கலைக்கழகங்கள் யூனி-அசிஸ்ட் தரும் முன்-சரிபார்ப்பு ஆவணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, நேராகத் தங்களிடம் விண்ணப்பிக்கச் சொல்லும். அங்கே கடைசித் தேதி இரண்டு: அந்த ஆவணத்தை வாங்க ஒன்று, விண்ணப்பிக்க ஒன்று. அறிவிப்பில் பெரிய எழுத்தில் தெரிவது இரண்டாவது மட்டும்.

மொழித் தேர்வை வைத்துப் பார்த்தால் ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வைக் கணினியில் எழுதினால் சில நாள்களில் முடிவு வந்துவிடும். மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும். போன ஆண்டு முக்கிய சேர்க்கைக்காக எழுதி, அதைத் தவறவிட்டு, இப்போது இரண்டாம் செமஸ்டருக்கு முயல்கிறவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். விண்ணப்பிக்கும் நாளில் செல்லுபடியாக இருந்த மதிப்பெண், வகுப்பு தொடங்கும்போது காலாவதியாகியிருக்கும். எந்த நாளில் அது உயிரோடு இருக்க வேண்டும் என்பதில் இடத்துக்கு இடம் விதி மாறும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதையெல்லாம் காசும் கவனமும் இருந்தால் சமாளிக்கலாம். பரிந்துரைக் கடிதம் அப்படி இல்லை. பலரும் இதைக் கடைசியில் வைக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். போர்ட்டலில் பேராசிரியரின் பெயரையும் மெயில் முகவரியையும் கொடுக்கிறீர்கள். பல இடங்களில், நீங்கள் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பிறகுதான் கடிதத்தை ஏற்றுவதற்கான இணைப்பு அவருக்கு மெயிலில் போகும். ஆகவே கடைசி நாள் மாலை சமர்ப்பித்தால் அவருக்கு இருப்பது சில மணி நேரம். அந்த மெயில் முன்பின் தெரியாத முகவரியிலிருந்து வருகிறது, உள்ளே ஒரு நீண்ட இணைப்பு இருக்கிறது. எந்த மெயில் பெட்டிக்கும் அது குப்பை மாதிரித்தான் தெரியும். எனக்கே இது நடந்தது. என் ஆசிரியரிடம் இரண்டு முறை நினைவுபடுத்தினேன், "ஒண்ணும் வரலையேப்பா" என்றார். மூன்றாம் முறை நேரில் போய் உட்கார்ந்து ஸ்பேம் கோப்புறையைத் திறந்தோம். ஒன்பது நாளாக அங்கே கிடந்தது. இணைப்பைச் சொடுக்கினால் காலாவதி. போர்ட்டலுக்குள் போய் 'மீண்டும் அனுப்பு' பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, கடிதம் ஏறியது என்ற பச்சைக் குறியைப் பார்த்த பிறகுதான் எழுந்தேன். அப்போது கடைசி நேரத்துக்கு ஐந்து மணி நேரம் இருந்தது. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, கேட்டவுடன் எழுதி வைத்திருந்தார். அந்த மெயில் எப்படி இருக்கும், எந்த முகவரியிலிருந்து வரும் என்று நான்தான் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இரண்டாம் செமஸ்டர் விண்ணப்பத்தில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். கடைசித் தேதிகள் ஆசிரியர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத காலத்தில் வந்து விழுகின்றன. ஜூலைச் சேர்க்கைக்கு விண்ணப்பம் போகும் ஏப்ரல், மே மாதங்களில் பல இடங்களில் பரீட்சையும் விடைத்தாள் திருத்தமும் நடக்கும். ஜனவரிச் சேர்க்கைக்கான அமெரிக்கக் கடைசித் தேதிகள் அக்டோபர், நவம்பரை ஒட்டி வரும். அப்போது அதே பேராசிரியரிடம் அடுத்த இலையுதிர் காலத்துக்கு விண்ணப்பிக்கும் கூட்டமும் கடிதம் கேட்டு நிற்கும். ஆறு வாரம் முன்பே கேளுங்கள். கேட்கும்போது உங்கள் மதிப்பெண் பட்டியல், அவரிடம் செய்த புராஜெக்ட்டின் தலைப்பு, எந்தப் படிப்பு, எந்தத் தேதி, எல்லாவற்றையும் ஒரே மெயிலில் கொடுத்துவிடுங்கள். உண்மையான தேதிக்குப் பத்து நாள் முன்னதாக ஒரு தேதியைச் சொல்வது தப்பே இல்லை. "சார், 5-ஆம் தேதிக்குள் கிடைத்தால் சரிபார்க்க எனக்கு நேரம் இருக்கும்" என்றால் எந்த ஆசிரியரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடைசித் தேதி என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஜெர்மன் அறிவிப்புகளில் 'ஆவுஸ்ஷ்லுஸ்ஃப்ரிஸ்ட்' என்று ஒரு சொல் வரும். அந்த நாளுக்குப் பிறகு எதுவும் ஏற்கப்படாது, காரணம் கேட்கவும் மாட்டார்கள் என்பது பொருள். தபாலில் அனுப்பச் சொல்லும் இடங்களில், அன்றைக்கு அனுப்பியிருந்தால் போதுமா, அன்றைக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமா என்று படியுங்கள். பெரும்பாலும் சேர்ந்திருக்க வேண்டும் என்றுதான் இருக்கும். சில இடங்களில் விண்ணப்பத்துக்கு ஒரு தேதி, விடுபட்ட ஆவணங்களுக்கு வேறு தேதி. மொழிச் சான்றிதழை மட்டும் பிறகு தரலாம் என்று சலுகை கொடுப்பவர்களும் உண்டு. அந்த ஒரு வரி தெரியாமல், சான்றிதழ் வரட்டும் என்று காத்திருந்து விண்ணப்பத்தையே போடாமல் விட்டவர்களை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

நேரமும் அப்படித்தான். போர்ட்டல் மூடுவது பெரும்பாலும் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் நேரப்படி. ஜூலை மாதம் ஆக்லாந்தில் நள்ளிரவு ஆகும்போது பெர்லினில் அதே நாள் பிற்பகல் 2 மணிதான். பெர்லினில் இருந்துகொண்டு ஆக்லாந்துக்கு விண்ணப்பிப்பவர் 'இன்னும் இரவு இருக்கிறது' என்று நினைத்தால் முடிந்தது கதை. '15-ஆம் தேதி நள்ளிரவு 12 மணி' என்று போட்டிருந்தால் அது 15 தொடங்கும் நள்ளிரவா முடியும் நள்ளிரவா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. 14-ஆம் தேதி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகை உண்டு. வர வர இடம் நிரப்பிக்கொண்டே போகும் சேர்க்கை. அங்கே அறிவிப்பில் இருக்கும் தேதி வெறும் கதவு மூடும் நேரம், இருக்கைகள் அதற்கு முன்பே தீர்ந்துவிடலாம். நடுச் சேர்க்கையில் இடங்களே குறைவு. அவற்றில் ஒரு பகுதி, முந்தைய சேர்க்கையில் இடம் கிடைத்துத் தள்ளிப்போட்டவர்களுக்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கலாம். இப்படிப்பட்ட இடங்களில் விண்ணப்பம் திறக்கும் நாளைத்தான் குறித்துவைக்க வேண்டும்.

ஆவணங்களை ஏற்றும்போது வரும் சில்லறைத் தொல்லைகள் ஒவ்வொன்றும் அரை நாளை விழுங்கும். பிடிஎஃப் அளவு கூடிவிட்டது என்று போர்ட்டல் மறுக்கும். மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில்தான் மதிப்பெண் முறை விளக்கம் அச்சாகியிருக்கும், அதை ஸ்கேன் செய்யாமல் விட்டிருப்போம். பாஸ்போர்ட்டில் பெயர் விரித்து எழுதியிருக்கும், சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். இருவரும் ஒருவரே என்று ஒரு உறுதிமொழிக் கடிதம் கேட்பார்கள். கட்டணம் கட்டும் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்காது. இவை எதுவும் பெரிய விஷயமில்லை, ஒரு வாரம் முன்னால் தெரிந்தால்.

இத்தனைக்கும் பிறகு தேதி தவறிவிட்டால்? தவறப்போகிறது என்று முந்தைய நாளே தெரிந்தால் அன்றைக்கே சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதுங்கள். இருப்பதை எல்லாம் ஏற்றிச் சமர்ப்பித்துவிட்டு, இல்லாதது எது, எந்தத் தேதியில் வரும் என்று ஆதாரத்தோடு ஒரு பத்தி எழுதினால் போதும். மூடிய பிறகு எழுதும் பத்துப் பத்திக்கு அந்த மதிப்பு இல்லை. ஜெர்மனியில் இடக் கட்டுப்பாடு இல்லாத படிப்புகளில் சிலவற்றுக்குத் தேதி ஜனவரி 15-ஐத் தாண்டியும் இருக்கும். காலியாக மீந்த இடங்களை வெளியிடும் பொதுப் பட்டியல், கோடை செமஸ்டருக்குப் பிப்ரவரி 1 முதல் திறக்கிறது. முந்தைய சேர்க்கைக்கு வந்த அனுமதிக் கடிதம் இன்னும் கையில் இருக்கிறவர்கள் புதிதாக விண்ணப்பிப்பதற்கு முன்னால், அதையே அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் ஒரு சிறிய படிவமும் காரணமும் கொடுத்தால் முடிந்துவிடும் வேலை அது. அதற்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. அனுமதிக் கடிதத்தின் இரண்டாம் மூன்றாம் பக்கத்தில், பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.